ராயபுரத்தோடு நின்ற கப்பல் பயணம்

நெய்வேலி இந்திரா நகரில் எங்கள் தெருவிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும் சண்முகசுந்தரம் சார் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். அவர் வீடு தெருமுனையில் இருக்கிறது. வேறு வழி கிடையாது. கையில் பையைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். ஊர்ப் பெயரை நாம் சொல்லி முடிப்பதற்குள் எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, எந்த ஓட்டலில் பஸ்ஸை நிறுத்தினால் இறங்கவே கூடாது என்று எல்லாம் வந்துவிடும். காசு கொடுத்தாலும் இவ்வளவு பொறுமையாக யாரும் சொல்ல மாட்டார்கள். காசு கொடுத்தாலும் அவர் நிறுத்த மாட்டார் என்பது வேறு விஷயம்.

பூர்வீகம் தென்காசிப் பக்கம். இளவயதிலேயே நெய்வேலிக்கு வேலைக்கு வந்துவிட்டார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளைக் கவனிக்கும் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் ஷிப்டாக உட்கார்ந்தே பணிக்காலத்தை முடித்தார். அவர் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் கீழே கிலோமீட்டர் கணக்கில் ஓடும் பெல்ட் நிற்கும்; இன்னொரு வார்த்தை சொன்னால் ஓடும். சொன்னதெல்லாம் நடந்தே பழகிய மனிதர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து சும்மா இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெல்ட் போய்விட்டது. தெருவில் மனிதர்கள் இருந்தார்கள்.

அவருடைய சிறப்புப் பாடம் சென்னை. "கோயம்பேட்டுல இறங்குங்க, வெளிய வந்து இடது பக்கம் திரும்புங்க" என்றுதான் தொடங்குவார். நம் பக்கத்து பஸ்கள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிட ஆரம்பித்து வெகுகாலம் ஆகியும் அவர் எல்லோரையும் கோயம்பேட்டில்தான் இறக்கிக்கொண்டிருந்தார். மகளுடைய காரிலேயே போய்வந்ததால் அவருக்கு அந்த மாற்றம் தெரியாது. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, பஸ் எங்கே நின்றதோ அங்கே இறங்கிக்கொண்டார்கள். ஒருவரும் வந்து திருத்தவில்லை. திருத்தப் போனால் இன்னும் அரை மணி நேரம் கேட்டருகே நிற்க வேண்டியிருக்கும்.

அவர் மனைவி காந்திமதி அக்கா, பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன் டவுன்ஷிப்பில் ஒரு பண்டகசாலையில் பில் போடும் வேலை பார்த்தார். எந்தச் சரக்கை எந்த அலமாரியில் வைத்தால் வசதி என்று தினமும் வந்து சொன்ன இளைஞரைத்தான் கட்டிக்கொண்டார். "வேற எப்படிடி அவரு வாய மூடறது?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். கல்யாணமும் அந்த வகையில் பயன்படவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்வார். நான் பக்கத்து வீடு. இந்தக் கதையில் பாதி அவர் சொன்னது; மீதி சார் வாயிலிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாக, வேறு வழியில்லாமல் வந்தது.

பெங்களூரில் இருக்கும் அவர்கள் மகள் சத்யா, அப்பா ஓய்வு பெற்றதற்குப் பரிசாக ஒரு கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை சென்னையில் ஏறினால், இரண்டு இரவு கடலில் சுற்றிக்காட்டிவிட்டு, திங்கட்கிழமை காலை திரும்பவும் சென்னையிலேயே இறக்கிவிடும் கப்பல். உள்ளே சாப்பாடு, பாட்டுக் கச்சேரி, நீச்சல் குளம் எல்லாம் உண்டு.

காந்திமதி அக்காவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "கடலூர் சில்வர் பீச்ல நின்னுகினு கடல பாத்தா, முதுகுக்குப் பின்னாடி பஜ்ஜிக் கடை இருக்குது அருளு. நாலு பக்கமும் வெறும் தண்ணியா ஒருதரம் பாக்கணும். அவ்ளோதான்" என்றார் என்னிடம்.

சாருக்கு ஒரு சங்கடம் இருந்தது. கப்பலில் அவர் சொல்லி ஆக வேண்டியது எதுவுமில்லை. அதற்கென்று ஒரு கேப்டன் இருந்தார். ஒரு வாரம் அதையே யோசித்தவருக்கு விடை கிடைத்தது. கப்பல் யாருடையதாக இருந்தாலும் ஊர் அவருடையதுதானே? கப்பல் ஏறும் முன் ஒரு நாள் சென்னை. இறங்கிய பின் அரை நாள் சென்னை. ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் அவர் குரல் பதிவுகள் வர ஆரம்பித்தன. "நண்பர்களே, கப்பல்ல போறவன் பண்ற பெரிய தப்பு என்னன்னா, ஊரப் பாக்காம நேரா கப்பல்ல ஏறுறது" என்று முதல் பதிவு தொடங்கியது. கப்பலைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்காத ஒருவரின் குரல் என்று அதைக் கேட்டு யாரும் சொல்ல முடியாது.

குழுவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மகாபலிபுரம் என்றார். இன்னொருவர் தி.நகரில் எந்தக் கடையில் மெத்தை விரிப்பு மலிவு என்று சொன்னார். அதே கப்பலில் போன வருஷம் போய்வந்த ஒரே ஆள் எங்கள் தெரு பன்னீர்செல்வம். அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், உள்ளூர்க்காரர். அவர் நேரிலேயே வந்து சொன்னார்.

"சார், மொத நாளே போயிடுங்க. அது நல்ல ரோசனதான். ஆனா கப்பலு ஏறுற அன்னிக்கி ஒண்ணையும் பாத்துகினு நிக்காதீங்க. ஆர்பர் பக்கத்துல ரூமப் போட்டு, சாப்ட்டு, நேரா உள்ள போயி ஒக்காந்துடுங்க. அந்த ரோட்டுல கண்டெய்னரு லாரி வரிசையா நின்னுகினு கெடக்கும். ஒண்ணு நின்னா எல்லாம் நிக்கும்."

"நிக்கிற பெல்ட்ட ஓட்டுறதுதான் பன்னீரு என் வேலையே" என்றார் சார்.

பன்னீர்செல்வம் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். கிளாம்பாக்கத்தில் நடத்துநர் எல்லோரையும் இறங்கச் சொன்னதும் சார் மட்டும் உட்கார்ந்திருந்தார். "நாங்க கோயம்பேடு" என்றார். "அப்ப நீங்க டைம் மிஷின்லதான் சார் போணும்" என்றான் நடத்துநர். இறங்கிய பிறகு அந்தப் பெரிய நிலையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத என்கிட்ட யாருமே சொல்லலையே" என்றார். அக்கா சூட்கேசைத் தானே தூக்கிக்கொண்டு, மின்சார ரயிலுக்குப் போகும் பஸ் எது என்று ஒரு பூக்காரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

எழும்பூர் அருங்காட்சியகம்தான் முதல் நிறுத்தம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சார் அசரவில்லை. பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் வெண்கலச் சிலைகளையும் திமிங்கல எலும்புக்கூட்டையும் பற்றி விளக்கமாகச் சொன்னார். காவலாளியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். அங்கிருந்து கோட்டை; கோட்டையிலிருந்து பாரிமுனை; உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள்; பர்மா பஜார் ஓரத்தில் ஆளுக்கொரு தட்டு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ். ஒவ்வோர் இடத்திலும் அக்கா உட்கார இடம் தேடுவார். கண்டுபிடித்து உட்காரும்போது சார் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார். சாயங்காலம் மெரினா மணலில் நடந்துகொண்டிருந்தபோது அக்கா நின்றுவிட்டார்.

"ஏங்க, நாம கப்பலுக்கு வந்திருக்கமா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்கமா?"

"இதெல்லாம் பாக்காம போனா பின்னாடி வருத்தப்படுவ காந்தி."

"எனக்குக் காலு வீங்கிப்போச்சுங்க. அதுக்கு இப்பவே வருத்தப்பட்டுகினு இருக்கேன்."

இரவு மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். வரவேற்பில் இருந்த பாவாடை என்பவர் நெல்லிக்குப்பத்துக்காரர். அக்காவின் பேச்சைக் கேட்டதுமே, "நம்ம பக்கமாம்மா நீங்க?" என்று கேட்டு, காலை ஊற வைக்க ஒரு வாளி வெந்நீர் கொடுத்தனுப்பினார்.

சனிக்கிழமைக்கும் திட்டம் இருந்தது. காலையில் மயிலாப்பூர் கோயில், சாந்தோம் தேவாலயம், திறந்த உடனே கலங்கரை விளக்கம். கலங்கரை விளக்கின் மேலே நின்றபோது வடக்கே துறைமுகத்தில் வெள்ளையாக, மாடி மாடியாக ஒன்று தெரிந்தது. "அதாங்க நம்ம கப்பலு" என்று அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு அவர் எதையும் பார்க்க மறுத்துவிட்டார். கீழே இறங்கி, தானே ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, "ஆர்பர்" என்றார்.

துறைமுகத்தின் பயணிகள் வாசலுக்கு நிறைய நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சாரோ கடிகாரத்தைப் பார்த்தார். கையில் இவ்வளவு நேரம் மிச்சமிருந்து, அதை ஒன்றும் செய்யாமல் விடுவது அவர் சுபாவத்தில் இல்லை.

"இங்கருந்து ராயபுரம் ஸ்டேஷன் பக்கம்தான் காந்தி. தென்னிந்தியாவுலயே முதல் ரயில் கிளம்புன இடம். பழைய கட்டடம் அப்படியே இருக்கு. வா, பாத்துட்டு வந்துருவோம்."

"என்ன விட்டுடுங்க. நான் உள்ள போயி ஒக்காந்துகினு இருக்கேன்."

"சரி, நீ பெட்டியோட உள்ள போ. நான் இதோ வந்துட்டேன்."

அக்காவின் அடையாள அட்டையும் டிக்கெட்டும் அக்காவிடம்; சாருடையவை அவர் சட்டைப் பையில் இருந்தன. கடல் மயக்கத்துக்கு வாங்கிய மாத்திரைகளும் அதே பையில்தான். காந்திமதிக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வது என்று அவரே தேடி வாங்கி வைத்திருந்தவை.

ராயபுரம் போவதில் ஒரு சிரமமும் இல்லை. ஆட்டோ பறந்தது. தூண்கள் வைத்த அந்தச் சிவப்புக் கட்டடத்தைச் சுற்றிவந்தார். நாலு படம் எடுத்தார். ரயிலுக்குக் காத்திருந்த ஒரு மீன்காரம்மாவிடம் அந்த நிலையத்தின் வரலாற்றைச் சொன்னார். அந்த அம்மாள் தினம் வரும் இடம் அது. "அப்டியா?" என்று மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போதுதான் பன்னீர்செல்வம் சொன்ன லாரிகள் வந்தன. ஒன்று நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன. ஆட்டோக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடியைப் பற்ற வைத்தபோது சார் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கி நடந்தார்; பிறகு ஓடினார். முதலில் கண்ணில் பட்ட வாசலில் நுழையப் போனார். அது சரக்கு வாசல். துப்பாக்கியோடு நின்ற காவலர், பயணிகள் வாசல் இன்னும் தள்ளி என்று இந்தியில் சொன்னார். அது புரிய கொஞ்சம் நேரம் பிடித்தது. சரியான வாசலுக்கு அவர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது, கவுன்ட்டரில் இருந்த பையன் கணினியை மூடிக்கொண்டிருந்தான்.

"சாரி சார். போர்டிங் க்ளோஸ்."

"என் சம்சாரம் உள்ள இருக்காங்கப்பா!"

"அவங்க கப்பல்லயே ஏறிட்டாங்க சார். பெரியவங்கன்னு முதல்லயே அனுப்பிட்டோம்."

சார் வாதாடினார். தான் யார், எங்கே வேலை பார்த்தவர், ஒரு பெல்ட்டை நிறுத்தினால் எத்தனை டன் நிலக்கரி நிற்கும் என்றெல்லாம் சொன்னார். பையன் மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் கப்பல் பெல்ட் இல்லை.

அப்போதுதான் அவர் அக்காவுக்குப் போன் செய்தார். கப்பலின் வரவேற்புக் கூடத்தில், கையில் ஒரு பழரசக் கோப்பையோடு அக்கா நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் சீருடையில் இருந்த பெண்ணிடம் விசாரித்தார். அந்தப் பெண், "இறங்கறதுன்னா இப்பவே இறங்கணும்மா. இறங்கிட்டா திரும்ப ஏற முடியாது. சார் இனிமே வர முடியாது" என்றாள்.

அக்கா போனில் கேட்டார்: "ஏங்க, நான் எறங்கி வந்துடட்டுமா?"

சாருக்கு மூச்சு இரைத்தது. அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் அவர் கடைசியில் சொல்லும் பதில் ஒன்று உண்டு. புடவை நிறத்திலிருந்து மகளின் கல்லூரி வரை அந்தப் பதிலைச் சொல்வார். அதற்கு அர்த்தம், நான் நினைப்பதை நீயே செய் என்பது. முப்பது வருஷத்துக்கு மேலாக அக்கா அதைச் சரியாகவே புரிந்துகொண்டு வந்திருக்கிறார்.

"உன் இஷ்டம்" என்றார்.

"சரிங்க. அப்ப நான் போயிட்டு வந்துடறேன். வேளாவேளைக்குச் சாப்புடுங்க" என்றார் அக்கா.

சாருக்குக் கோபமோ பயமோ வந்தால் மட்டும் தென்காசிப் பேச்சு வரும். "ஏளா... ஏளா, நில்லு!" என்றார். எதிர்முனையில் யாரும் இல்லை.

"எனக்கே தெரியாதுடி அருளு, வாயி அதுவா சொல்லிடுச்சு" என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னார். "சொன்னதுக்கப்புறம் பக்கு பக்குன்னுச்சு. மேல ஏறிப் போயி கம்பியப் புடிச்சுகினு நின்னேன். கப்பலு நவந்துச்சு. கரை சின்னதாப் போச்சு. அப்புறம் பயம் இல்ல."

கரையில் நின்ற மனிதருக்குப் பயம் அப்போதுதான் ஆரம்பமானது. மாற்றுத் துணி கப்பலில் போய்விட்டது. ஊருக்குத் திரும்பலாம், ஆனால் எந்த முகத்தோடு? எங்கள் தெருமுனையில் பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கினால், கையில் பை இல்லாமல் வரும் அவரை எத்தனை பேர் "எங்க போயிட்டு வரீங்க?" என்று கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? குழுவில் அதற்குள் செய்திகள் குவிந்துகொண்டிருந்தன. "கடல் எப்படி இருக்கு?" "படம் அனுப்புங்க." நடுக்கடலில் சிக்னல் இருக்காது. அதனால் அவரும் போனை அணைத்துவிட்டார். சத்யா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அப்பா எண்ணும் கிடைக்கவில்லை, அம்மா எண்ணும் கிடைக்கவில்லை. இருவரும் ஜாலியாக இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள்.

மண்ணடி லாட்ஜுக்கே திரும்பிப் போனார். பாவாடை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா சார், கப்பலு?"

"போயிருச்சு."

"அம்மா?"

"அவங்களும் போயிட்டாங்க."

பாவாடைக்கு உலக அனுபவம் உண்டு. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். பாரிமுனை நடைபாதையில் ஒரு லுங்கியும் இரண்டு சட்டையும் வாங்கிக்கொண்டு வந்து, சார் கட்டிலில் படுத்துக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு திட்டம் போடப் பார்த்தார். கேட்க ஆளில்லாமல் திட்டம் போடுவது அவருக்கு வரவில்லை. போன் அணைந்திருந்ததால் வரைபடமும் இல்லை. காசிமேடு எப்படிப் போவது என்று ஒரு டீக்கடையில் கேட்டார். வாழ்க்கையில் அவர் பிறரிடம் வழி கேட்டது அதுவே முதல் தடவை என்று அவரே சொன்னார், நான் நம்புகிறேன். கேட்டதற்கு மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள். மூன்றாவது ஆள் சொன்னதோடு நிற்காமல், "நானும் அங்கதான் போறேன், வா தலைவரே" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

மீன் ஏலத்தைக் காலை முழுக்கப் பார்த்தார். ஏலம் கூவுகிறவர் பேச்சில் பாதி அவருக்குப் புரியவில்லை. விளக்கம் சொல்லவும் வழியில்லை. ஒரு படகின் ஓரத்தில் உட்கார்ந்து யாரோ கொடுத்த டீயைக் குடித்தார். மத்தியானம் சௌகார்பேட்டையில் வழி தவறி, தவறிய சந்தில் பூரியும் மோரும் சாப்பிட்டார். எழும்பூர் அருங்காட்சியகம் திறந்திருந்தது. காவலாளி அடையாளம் கண்டுகொண்டு, "சார், நீங்க சொன்ன திமிங்கலம் உள்ளதான் இருக்குது, போயிப் பாருங்க" என்றார். சார் பார்த்தார். தான் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. வெண்கலச் சிலைகளின் நடுவில் ஒரு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சென்னையில் அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலை பயணிகள் வாசலில் முதல் ஆளாக நின்றார். இந்த முறை வாசல் தெரியும். கையில் இரண்டு முழம் மல்லிகை. என்ன திட்டுவாளோ என்று ஒரு பக்கம், எப்படி அழுதிருப்பாளோ என்று ஒரு பக்கம். கடல் ஒத்துக்கொள்ளாமல் கிடந்திருப்பாள்; மாத்திரை இவர் பையில்.

அக்கா நாலைந்து பெண்களோடு சிரித்துக்கொண்டே வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. தலையில் கப்பல் படம் போட்ட தொப்பி. "இவருதான்" என்று அந்தப் பெண்களிடம் காட்டினார். அவர்கள் எல்லோரும் சாரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வாந்தி எடுத்தியா?" என்றார் சார்.

"எதுக்கு?"

"மாத்திர எங்கிட்ட இருந்துச்சே."

"எனக்கு ஒண்ணும் பண்லீங்க. நேத்து நாலு வாட்டி சாப்ட்டேன்."

பூவை வாங்கித் தொப்பிக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஆட்டோவுக்கு நிற்கும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாலு பக்கமும் தண்ணீர் எப்படி இருந்தது. சூரியன் எந்தத் தடங்கலும் இல்லாமல் எப்படி எழுந்தது. பொழுது சாய்ந்ததும் மைக்கில், வலது கைப் பக்கம் தெரிவது கடலூர் என்று எப்படிச் சொன்னார்கள். "நம்ம ஊருங்க! இங்கருந்து பஸ்ஸப் புடிச்சு மெட்ராஸ் போயி, அங்கருந்து கப்பலப் புடிச்சு, திரும்ப நம்மூருக்கே எட்டத்துல நின்னுகினு வெளக்கு பாக்கறோம். எனக்குச் சிரிப்புத் தாங்கல. பக்கத்துல சொல்லலாம்னு திரும்பனா நீங்க இல்ல."

"நெனச்சியாக்கும்?"

"நெனச்சேங்க. சாப்புடறப்ப மட்டும் மறந்துட்டேன்."

இறங்கிய பிறகு அரை நாள் சென்னை என்று திட்டம் இருந்ததல்லவா? சார் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்காதான் கேட்டார்: "நீங்க என்ன பண்ணிகினு இருந்தீங்க? எங்கனா இட்டுகினு போங்க, நானும் பாக்கறேன். ஒரு எடம் போதும்." சார் அவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். எதையும் விளக்கவில்லை. நிலத்தில் உட்கார்ந்தும் ஆடுவது போலவே இருக்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

நெய்வேலிக்கு வந்த முதல் வாரம் அவர் எப்படியோ சமாளித்தார். குழுவில் நாலு பக்கமும் தண்ணீர், தடங்கலில்லாத சூரியன் எல்லாம் குரல் பதிவாக வந்தன. அக்கா சொன்ன அதே வரிசையில்தான் வந்தன. "வலது கைப் பக்கம் கடலூர்" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கக்கூடச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பன்னீர்செல்வம் வந்து உட்கார்ந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"சார், அந்த நீச்சல் கொளம் எத்தினாவது மாடியில? நான் மறந்துட்டேன்."

சார் கூரையைப் பார்த்தார். "மேல... மேலதான்."

"அது தெரியும் சார், கீழ இருந்தா மீனு வந்துடுமே. எத்தினாவது?"

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவருக்கு எப்படிண்ணே தெரியும்? அவரு கப்பல்ல ஏறவே இல்ல."

பன்னீர்செல்வம் சிரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பொறுத்து சாரும் சிரித்தார். ராயபுரம், லாரி, சரக்கு வாசல் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் டவுன்ஷிப்பில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அவருக்குக் கப்பல் சார் என்று பெயர் வந்தது.

இதோடு அவர் ஆலோசனை சொல்வது நின்றுபோயிருக்கும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. கப்பலைத் தவறவிட்டவர் என்ற பெயர் பரவப் பரவ, கப்பலுக்குப் போகிறவர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். தவறாமல் பிடித்த பன்னீர்செல்வத்திடம் ஒருவரும் போகவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வருகிறவர்களுக்கு இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் சொல்கிறார்கள். கப்பலுக்குள் நடப்பது அக்காவின் பிரிவு: எந்த வரிசையில் நின்றால் தோசை சூடாகக் கிடைக்கும், எந்தப் பக்கம் காற்று அடிக்காது, கச்சேரிக்கு முன்னால் எங்கே போய் உட்கார வேண்டும். கரை சாருடைய பிரிவு. "கிளாம்பாக்கத்துல இறங்குங்க" என்று தொடங்குகிறார். "முதல் நாள் எதுனா ஒண்ணு பாருங்க, ரெண்டு வேண்டாம். வெள்ளிக்கிழமைன்னா மியூசியம் பூட்டிருக்கும். ஏறுற அன்னிக்கு லாட்ஜுலருந்து நேரா வாசலுக்கு. ராயபுரம் எங்கயும் ஓடிராது, வந்தப்புறம் பாத்துக்கலாம். வழி தெரியலன்னா டீக்கடைல கேளுங்க, மூணாவது ஆள் சொல்றது சரியா இருக்கும்." அரை மணி நேரம் பிடித்த பாடம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. சிலர் ஏமாற்றத்தோடு, "அவ்வளவுதானா சார்?" என்று கேட்கிறார்கள்.

இந்த வருஷம் தை முடிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் கப்பலுக்குக் கிளம்பினோம். காந்திமதி அக்காதான் தலைமை. சத்யா போனில் அப்பாவிடம் கேட்டாள்: "உங்களுக்கும் சேத்து எடுத்துடவாப்பா? இந்தத் தடவ அம்மா கையப் புடிச்சுக்கிட்டே நில்லுங்க."

"பொம்பளைங்க போற எடத்துல நான் எதுக்கு?" என்றார் சார். கொஞ்சம் யோசித்து, "கூட வரேன். சென்னை வரைக்கும்" என்றார்.

வந்தார். எங்களைச் சரியான வாசலில், சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே இறக்கிவிட்டார். பெட்டிகளை எண்ணி உள்ளே அனுப்பினார். அக்கா திரும்பிப் பார்த்து, "நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவு பண்ணல" என்றார் சார். எதிரில் வந்த பஸ்ஸின் போர்டைப் படிக்காமலே கையைக் காட்டி நிறுத்தி, ஏறிக்கொண்டார்.